இரண்டு பேர், ஒரு கார், கிராஃப்ட் பீர்: சிங்கப்பூரிலிருந்து எந்தப் பக்கம் போகலாம்?

"நாலைந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. இருவருக்கும் கிராஃப்ட் பீரில், அதாவது சிறு புரூவரிகள் (பீர் காய்ச்சும் இடங்கள்) காய்ச்சும் பீரில் ஆர்வம். காரில் சுற்றியபடி புரூவரிகளைப் பார்க்க ஆசை. மலேசியா போகலாமா, மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் போகலாமா, இல்லை ஊருக்குப் போகும்போது பெங்களூரில் பார்த்துக்கொள்ளலாமா?" தம்பதிகள் பலர் இப்படிக் கேட்டு எழுதுகிறார்கள். பெரும்பாலும் புரூவரிகளின் பட்டியல் அவர்கள் கையில் தயாராக இருக்கும். யார் ஓட்டப்போகிறார் என்பதை மட்டும் பேசியிருக்க மாட்டார்கள். முடிவு தங்கியிருப்பதே அதில்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

யார் ஓட்டுவது. நம் வீடுகளில் இது பேசாமலேயே முடிவாகிவிடுகிறது. குடிக்காதவர் அல்லது குறைவாகக் குடிப்பவர் ஓட்டுநர் ஆகிவிடுகிறார். நான்கு நாள் விடுமுறையில் ஒருவர் ருசி பார்க்க, மற்றவர் மேப்பைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தால் அதை இருவரின் பயணம் என்று சொல்ல முடியாது. இருவரும் இறங்கி, இருவரும் உட்கார்ந்து, அவசரமில்லாமல் எழுந்து போக முடிகிற இடம் எது என்றுதான் ஒவ்வொரு வாய்ப்பிலும் பார்க்கிறேன்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 570 மில்லி பைன்ட், 6% ஐபிஏ (கசப்பு தூக்கலான ஒரு பீர் வகை) என்றால் அதில் சுமார் 27 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உடல் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஒரே ஒரு பைன்ட் கரைய மூன்று மணி நேரமாவது வேண்டும். இரவு 8 மணிக்குத் தொடங்கி நான்கு பைன்ட் குடித்தவர் உடலிலிருந்து அது முழுதும் நீங்க மறுநாள் காலை 7 மணியிலிருந்து 11 மணி வரை ஆகலாம். காப்பி, குளியல், பரோட்டா எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. "காலையில்தானே ஓட்டப்போகிறேன்" என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது.

உண்மையில் புரூவரியா, வெறும் பாரா. தொட்டியும் கொதிகலனும் கண்ணில் பட வேண்டும், காய்ச்சுபவரிடம் இரண்டு கேள்வி கேட்க முடிய வேண்டும். இல்லாவிட்டால் அந்த பீரைக் கேனில் வாங்கி வீட்டிலேயே குடித்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு. டிக்கெட்டும் அறையும் எல்லோர் கணக்கிலும் வந்துவிடும். எல்லைக் கட்டணம், காப்பீடு, தீர்வை, டிரைவர் பேட்டா ஆகியவைதான் விட்டுப்போகும்.

பீரில் ஆர்வம் இல்லாதவருக்கு அங்கே என்ன இருக்கிறது. இருவரில் ஒருவருக்கு ஆர்வம் குறைவு என்றால், மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு எடை அதிகம்.

| | சிங்கப்பூர் | மலேசியா | மேற்கு ஆஸ்திரேலியா | பெங்களூரு |
|---|---|---|---|---|
| தேவையான நாள் | 1–2 | 2–3 | 5–6 | 2, ஊர்ப் பயணத்தோடு சேர்த்து |
| ஓட்டுபவர் | யாரும் வேண்டாம் | நீங்கள் | நீங்கள், ஒரு நாள் சுற்றுலாப் பேருந்து | வாடகை டிரைவர் |
| ஓட்டுநருக்கான ஆல்கஹால் வரம்பு (100 மி.லி. இரத்தத்தில்) | 80 மி.கி. | 50 மி.கி. | 50 மி.கி. | 30 மி.கி. |
| காய்ச்சுவதைப் பார்க்க | நன்று | அரிது | மிக நன்று | நன்று |
| கவனிக்காமல் விடும் செலவு | சேவைக் கட்டணம், வரி | எல்லைக் கட்டணம், அபராதம் | வாடகைக் கார் காப்பீடு | பேட்டா, போக்குவரத்து நெரிசல் |
| திரும்பும்போது தீர்வையின்றி பீர் | — | இல்லை | ஆளுக்கு 2 லிட்டர் | ஆளுக்கு 2 லிட்டர் |

## சிங்கப்பூருக்குள்ளேயே, கார் இல்லாமல்

கேட்பவர்கள் இதை ஒரு வாய்ப்பாகவே நினைப்பதில்லை. கிராஃப்ட் பீரில் இப்போதுதான் கால் வைத்திருக்கிறீர்கள் என்றால், விமான டிக்கெட் போடுமுன் ஒரு வார இறுதியை இங்கே செலவிடச் சொல்வேன்.

மெரினா பே நிதி மையத்தின் முதல் கோபுரத்தில், 33ஆம் மாடியில் 2010 முதல் லெவல்33 இயங்குகிறது. செம்புக் கொதிகலன்கள் சாப்பிட வருபவர்களின் கண்ணெதிரேயே நிற்கின்றன. காய்ச்சும் நாளாக இருந்தால், ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்ததும் வருமே, அதே மால்ட் வாசனை. இரண்டுக்கும் மூலப்பொருள் முளைகட்டிய பார்லிதான். சின்னச் சின்ன கிளாஸ்களில் நாலைந்து வகை வைத்த தட்டு ஒன்றை வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். யாருக்குக் கசப்பு பிடிக்கிறது, யாருக்கு லேசான கோதுமை பீர் பிடிக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். பெரிய பயணத்தில் எந்தப் புரூவரிகளுக்குப் போவது என்பதை அந்த ஒரு தட்டே பாதி முடிவு செய்துவிடும்.

1997இல் ரிவர்சைடு பாயிண்டில் தொடங்கிய புரூவர்க்ஸ்தான் இங்குள்ள கிராஃப்ட் பீருக்கு வழிபோட்டவர்களில் முக்கியமானவர்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்தோடு சேர்ந்து புதுநீரில் அவர்கள் காய்ச்சிய நியூபுரூ 2018இல் அறிமுகமாகி, 2022இல் விற்பனைக்கு வந்தது. சுத்திகரித்த கழிவுநீரில் பீரா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பெருமைதான். பீரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தாதுக்கள் ஏறக்குறைய முழுதும் நீக்கப்பட்ட சுத்தமான தண்ணீர் கிடைத்தால், தனக்கு வேண்டிய உப்புகளைக் காய்ச்சுபவர் தானே சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய கதைகளில் விருப்பம் இருந்தால் அலெக்சாண்ட்ரா சாலைப் பக்கம் ஒரு நடை போய் வரலாம். 1930களில் ஜெர்மானியர்களின் ஆர்ச்சிபெலகோ புரூவரி அங்கேதான் ஆங்க்கர் பீரைக் காய்ச்சியது. 1941இல் டைகர் பீரின் மலாயன் புரூவரீஸ் அதை வாங்கிக்கொண்டது.

செலவு விஷயத்துக்கு வருவோம். மெனுவில் 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ++ என்று இருந்தால், 10% சேவைக் கட்டணமும் அதன்மேல் 9% பொருள் சேவை வரியும் சேர்ந்து பில்லில் 18 வெள்ளி ஆகிவிடும். ஆளுக்கு மூன்று பைன்ட், கொஞ்சம் சாப்பாடு என்றால் இருவருக்கும் 150 வெள்ளியை எளிதில் தாண்டும். பிற்பகலில் போனால் பல இடங்களில் விலை குறைவு. இன்னொன்று: இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடங்களில் மது அருந்தக்கூடாது. தேக்காவும் (லிட்டில் இந்தியா) கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் என்பதால் அங்கே சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 வரை முழுத் தடை. புரூவரி முடிந்து தேக்காவில் இரவுச் சாப்பாடு என்று திட்டமிட்டால் கையில் திறந்த கேனோடு போகாதீர்கள்.

ஒருவருக்கு மட்டும் ஆர்வம், மற்றவர் கூட வருகிறார் என்றால் இதுதான் சரியான தேர்வு. ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எம்ஆர்டி பிடித்துப் படம் பார்க்கப் போய்விடலாம். ஆனால் நெடுஞ்சாலையில் ஓட்டிப்போகும் சுகம் இங்கே கிடைக்காது. உங்களை இழுப்பதே அதுதான் என்றால் இந்த வாய்ப்பு ஏமாற்றம் தரும்.

## மலேசியா, சொந்தக் காரில்

மனதில் முதலில் வருவது இதுதான். கார் வீட்டிலேயே நிற்கிறது, கடற்பாலத்தைத் தாண்டினால் நெடுஞ்சாலை, மலாக்கா வழியாகக் கோலாலம்பூர். சாலைப் பயணத்துக்கு மலேசியாவை நான் குறை சொல்லவே மாட்டேன். புரூவரிப் பயணத்துக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் காரணம், பார்க்கப் போதுமான புரூவரிகள் இல்லை. அங்கே பீர் என்றால் கார்ல்ஸ்பெர்க், ஹைனெகன் என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள்தான். சிறு அளவில் காய்ச்சி, வந்தவர்களுக்கு அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் இடங்கள் அரிது. நல்ல கிராஃப்ட் பீர் பார்கள் இருந்தாலும் குழாயில் வருவதில் பெரும்பகுதி இறக்குமதி. 2017இல் கோலாலம்பூரில் நடக்கவிருந்த பெட்டர் பீர் விழாவுக்கு மாநகர் மன்றம் அனுமதி மறுத்தது. இந்தத் தொழில் அங்கே வளர எவ்வளவு சிரமப்படுகிறது என்பதற்கு அது ஒரு சான்று. மதுவுக்கான வரியும் அங்கே அதிகம் என்பதால், ரிங்கிட்டில் மாற்றினால் மலிவாக இருக்கும் என்ற கணக்கு எதிர்பார்த்த அளவுக்குப் பலிக்காது.

இரண்டாவது காரணம் சட்டம். 2020 அக்டோபரில் மலேசியா வரம்பைக் குறைத்தது. 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம், மூச்சில் 22 மைக்ரோகிராம். சிங்கப்பூரில் மூச்சுக்கான வரம்பு 35. இங்கே தப்பிக்கும் அளவு அங்கே குற்றம். முதல் முறையே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. இது தவிர, இருட்டிய பிறகு அந்த நெடுஞ்சாலையில் லாரிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே ஓட்டுபவருக்கு முழுத் தெளிவு வேண்டும். அளவு வரம்புக்குள் இருக்கிறது என்ற சமாதானம் அங்கே போதாது.

மூன்றாவது, எல்லையில் சேரும் செலவு. கிளம்பும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 500 வெள்ளி வரை அபராதம். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாத கார்களுக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம், அப்புறம் டோல். மானிய விலை ரான்95 பெட்ரோலை நம் பதிவெண் கொண்ட காருக்கு ஊற்றக்கூடாது. வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட நிறுவனத்தின் அனுமதியும் கூடுதல் கட்டணமும் உண்டு.

திரும்பும்போது காரின் பின்பெட்டியில் ஒரு அட்டைப்பெட்டி பீர் வைத்துக்கொண்டு வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு மதுவில் தீர்வைச் சலுகை கிடையாது, எத்தனை நாள் தங்கியிருந்தாலும் சரி. 330 மில்லி, 5% கேன் ஒன்றுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் தீர்வை வரும், அதன்மேல் பொருள் சேவை வரி. சோதனைச்சாவடியில் சொல்லாமல் கொண்டுவருவது குற்றம்.

எப்போது மலேசியா சரி? சாப்பாடுதான் முக்கியம், இரவில் ஹோட்டலுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு நல்ல பாரில் இரண்டு கிளாஸ் போதும் என்றால் தாராளமாகப் போகலாம். பேருந்தில் போனால் இன்னும் நிம்மதி.

## மேற்கு ஆஸ்திரேலியா, வாடகைக் காரில்

புரூவரிகளைச் சுற்றித்தான் பயணம் அமைய வேண்டும், இருவருக்கும் சம ஆர்வம், ஐந்து நாளாவது கையில் இருக்கிறது. அப்படியானால் பெர்த்துக்கு இணையாக எதையும் நான் சொல்ல மாட்டேன். ஐந்து மணி நேர விமானப் பயணம், நேர வித்தியாசம் இல்லை, வண்டி நம்மைப் போலவே இடப்பக்கம் ஓடும், சிங்கப்பூர் உரிமமே போதும்.

நன்மைகள் அங்கே இருக்கும் அமைப்பில் இருக்கின்றன. பெர்த்திலிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டரில், மூன்று மணி நேரத்தில் மார்கரெட் ரிவர். 1967 முதல் திராட்சை மதுவுக்குப் பெயர்போன வட்டாரம். 1994இல் பூட்லெக் புரூவரி அந்தத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பீர் காய்ச்சத் தொடங்கியது. பின்னால் கவரமப் புரூவிங், ஈகிள் பே, பஸ்ஸல்டனில் ஷெல்டர் என்று வரிசையாக வந்தன. டன்ஸ்பரோவுக்கும் மார்கரெட் ரிவருக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரம்தான். புல்வெளியில் மேசை, பக்கத்தில் குழந்தைகள் ஓடுகிறார்கள், கண்ணாடிக்குப் பின்னால் எஃகுத் தொட்டிகள். சிங்கப்பூரில் இவ்வளவு இடம் விட்டுக் கட்ட யாராலும் முடியாது.

நாள்களை இப்படிப் பிரிக்கச் சொல்வேன். இறங்கிய அன்று கார் எடுக்க வேண்டாம். பெர்த்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் ஃப்ரீமான்டில். அங்கே துறைமுகத்தை ஒட்டி 2000இல் தொடங்கிய லிட்டில் கிரீச்சர்ஸில் அவர்களுடைய பேல் ஏல் என்ற பீரைக் குடித்துவிட்டு ரயிலிலேயே திரும்பிவிடலாம். மறுநாள் காலை காரை எடுத்துத் தெற்கே ஓட்டுங்கள். வழியில் பஸ்ஸல்டனில் 1.8 கிலோமீட்டர் நீளமுள்ள மரப்பாலத்தில் நடக்கலாம், அறைக்குப் போய்ச் சேரும்வரை யாரும் குடிக்க வேண்டாம். மூன்றாம் நாள்தான் முக்கியம். அன்று கார் ஹோட்டலிலேயே நிற்கட்டும். தங்குமிடத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டு புரூவரிகளைச் சுற்றிக்காட்டும் சிறு பேருந்துச் சுற்றுலாவில் இருவரும் ஏறிக்கொள்ளுங்கள். ஆளுக்கான கட்டணம் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஒருவர் நான்கு இடத்திலும் எலுமிச்சைச் சோடா குடித்துக்கொண்டு காத்திருப்பதோடு ஒப்பிட்டால் அந்தப் பணம் நன்றாகச் செலவானதுதான். நான்காம் நாள் குகை, கடற்கரை, சாக்லேட் கடை. பீர் பிடிக்காதவருக்கும் அலுக்காத வட்டாரம் அது.

இனி, பின்னால் தெரியவரும் செலவுகள். காப்பீட்டில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை பெரிது, அதைக் குறைக்கத் தினமும் தனிக் கட்டணம். இருட்டிய பிறகு கங்காரு குறுக்கே பாய்ந்து மோதினால் சில ஒப்பந்தங்களில் காப்பீடு செல்லாது. கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஜூன் விடுமுறையில் போனால் அங்கே குளிர்காலம், மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பல புரூவரிகளும் 5, 6 மணிக்கே மூடிவிடும். சிங்கப்பூரின் இரவு நேரப் பழக்கத்தோடு போனால் பட்டினிதான். போலீசார் எந்தச் சாலையிலும் நிறுத்தி மூச்சைச் சோதிப்பார்கள்.

இட்லிப் பொடி, ஊறுகாய், முறுக்கு எது எடுத்துப்போனாலும் வருகை அட்டையில் எழுதிவிடுங்கள். எழுதினால் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம் கடுமை.

திரும்பும்போது ஒரு நல்ல செய்தி. 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததால் ஆளுக்கு 2 லிட்டர் பீருக்குத் தீர்வை இல்லை. அங்கே வழக்கமான கேன் 375 மில்லி என்பதால் ஆளுக்கு ஐந்து கேன், இருவருக்கும் பத்து. துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

## பெங்களூரு, டிரைவரோடு

ஊருக்குப் போகும் வழியில் இரண்டு நாளை ஒதுக்க முடிந்தால், குறைந்த செலவில் நிறைந்த அனுபவம் இது. இந்திரா நகரில் 2010இல் திறந்த டாய்ட், ஆர்பர், ஒயிட்ஃபீல்டு பக்கம் விண்ட்மில்ஸ் என்று எல்லாம் அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிற இடங்கள். டாய்ட்டில் பாஸ்மதி அரிசி சேர்த்த பீர் ஒன்று உண்டு. சோற்றில் வளர்ந்த நாக்குக்கு அதன் லேசான தன்மை உடனே பிடிபடும்.

இந்த வாய்ப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, ஓட்டுநர் கேள்வியே எழாததுதான். 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று டிரைவரோடு கார் எடுப்பது அங்கே சாதாரணம். வெளியூர் என்றால் கிலோமீட்டர் கணக்கு, நாளுக்கு ஒரு குறைந்தபட்சத் தூரம், அதோடு டிரைவர் பேட்டா. இரவு பத்து மணிக்கு மேல் காக்கவைத்தால் கூடுதலாகக் கொடுங்கள். அவர் சாப்பிட்டாரா என்று நடுவில் ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டும் வாருங்கள். நீங்கள் உள்ளே சிரித்துப் பேசும் நேரமெல்லாம் அவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

சாலைப் பயணம் வேண்டும் என்பவர்கள் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி வழியாகப் புதுச்சேரி வரை போகலாம். 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், ஒரு பகல் பிடிக்கும். செஞ்சிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டே போகிற வழி. புதுச்சேரியில் கட்டமரன் புரூவிங் கம்பெனி இருக்கிறது. இடையில் தமிழ்நாட்டைக் கடப்பதால், பெங்களூரில் வாங்கிய பாட்டில்களைக் காரில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வெளிமாநில மது பிடிபட்டால் வழக்கு வரும், டிரைவரும் சேர்ந்து மாட்டுவார்.

அக்டோபர் 2 போன்ற நாள்களிலும், தேர்தலில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்திலும் மதுக்கடைகள் மூடியிருக்கும். பெங்களூரு நெரிசலில் ஒரு நாளைக்கு இரண்டு புரூவரிக்கு மேல் திட்டமிட வேண்டாம். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் இந்த இரண்டு இரவுக்கு மட்டும் தனி அறை எடுத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் முன்னால் சங்கடப்படாமல், நேரம் பார்த்து ஓடாமல் இருக்கலாம்.

## டிக்கெட் போடுமுன்

சிறு புரூவரிகள் சத்தமில்லாமல் மூடும், இடம் மாறும், கை மாறும். எந்த நாட்டில் எந்தப் புரூவரியைக் குறித்து வைத்திருந்தாலும், அந்த வாரத்தின் திறப்பு நேரத்தைப் போன் செய்தோ செய்தி அனுப்பியோ கேட்டுக்கொள்ளுங்கள். திங்கள், செவ்வாயில் விடுமுறை விடும் இடங்கள் நிறைய. காய்ச்சும் நாள் எது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் வார நாள் காலையாக இருக்கும், அன்று போனால் தொட்டிப் பக்கம் கூட்டிப்போகவும் வாய்ப்புண்டு. புனித வெள்ளி நீண்ட வார இறுதியில் மேற்கு ஆஸ்திரேலியாவைத் தவிர்த்துவிடுங்கள். அங்கேயும் அது விடுமுறை, அறை வாடகை ஏறியிருக்கும், அன்று மது விற்பனைக்கும் கட்டுப்பாடு உண்டு.